மிளகு ஏன் விலகவில்லை

மிளகு என்ற நாய் என்னால் செத்தது. அதன் சாவுக்கு நான் சொன்ன காரணம் பொய். முதலில் இதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்; மற்றதையும் கேட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாய்களைப் பழக்குவது என் தொழில். வீடு ஜீவனஹள்ளியில்; வேலை பெரும்பாலும் வைட்ஃபீல்டில். அங்கே ஏரியோரக் காலி நிலங்களில் வீடுகள் எழும்பியதும் பாம்புகள் தோட்டத்துக்குள் வரத் தொடங்கின. பாம்பிடமிருந்து விலகிப் போக நாய்க்குக் கற்றுத்தர ஆள் தேவைப்பட்டது. அதில் நான் கெட்டிக்காரன். அடக்கத்துக்காக அதை மறைக்க மாட்டேன்.

பாம்பு பிடிக்கும் நண்பர் ஒருவர், கண்ணாடி விரியன் உரித்த சட்டையைக் கொண்டுவந்து தருவார். அதைப் புல்லில் ஒளித்து வைப்பேன். நாய் முகர்ந்ததும் கையிலிருக்கும் ரிமோட்டை அழுத்துவேன். கழுத்துப்பட்டை வெடுக்கென்று அதிரும். சில நாட்களில், அந்த வாசனை எட்டியதுமே நாய் திரும்பி ஓடிவந்துவிடும். பத்தே நாள் போதும் என்று எல்லோரிடமும் பெருமை பேசுவேன்.

கௌசல்யா கோவைக்காரர், ஐ.டி. வேலை. தனி வீட்டில் அவரும் மிளகும் மட்டும். பத்தாம் நாள் அவர் கண்ணெதிரே மிளகு மூன்று முறை அழகாக விலகியது. குழந்தையைப் போலக் கைதட்டினார்.

ஆனால் அன்று காலையே நான் ஒன்றைப் பார்த்திருந்தேன்... தண்ணீர் குடிக்கச் சுவருக்குப் பின்னால் போய்த் திரும்புகையில், மிளகு அந்தச் சட்டையின் மேலேயே மூக்கை வைத்து நிதானமாக முகர்ந்துகொண்டிருந்தது. அது கற்றிருந்தது என் கையை மட்டுமே! நான் எதிரில் நின்றால் விலகும், இல்லையென்றால் விலகாது.

இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? பத்து நாள் என்று பீற்றிய வாய்க்குக் கூசியது. வேறு காரணம் இருக்குமா என்று எனக்குள் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்... இல்லை.

அடுத்த மாதம் ஒரு மாலை கௌசல்யா செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மிளகு அவரைத் தாண்டிப் போய்ச் செம்பருத்திப் புதருக்குள் தலையை நுழைத்தது. விரியன் முகத்தில் கடித்துவிட்டது. மருந்து ஏற்றியும் பலனில்லை. மறுநாள் இறந்தது.

செய்தி கேட்டுப் போனேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, பாம்பு வாசம் பட்டாலே ஒதுங்கிக்கும்னு சொன்னீங்கல்ல? அப்புறம் எதுக்கு அது கிட்டப் போச்சு?"

"நீங்க அங்க கால் வைக்கப் போறீங்கன்னு தெரிஞ்சிருக்கு மேடம். உங்களக் காப்பாத்தத்தான் போயிருக்கு."

யோசிக்காமலே வந்துவிட்டது அந்தப் பதில். அவர் அழுதார். அழுகையின் நடுவே அவர் முகத்தில் ஒரு பெருமை படர்ந்தது. அதைக் கண்டபின் என் சொல்லைத் திரும்பப் பெற முடியவில்லை... முடியவில்லையா, மனம் வரவில்லையா?

குடியிருப்பு முழுக்க அந்தக் கதையைச் சொன்னார். மிளகைப் பழக்கியவர் என்றே என்னைத் தேடி வந்தார்கள். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

அதன்பின் என் முறையை மாற்றிவிட்டேன். ரிமோட்டை வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்துப் பழக்குகிறேன். யாரும் எதிரில் இல்லாதபோது நாய் தானாக விலகும்வரை, முடிந்தது என்று சொல்வதில்லை. எத்தனை நாளானாலும் சரி. அதற்குப் பிறகு என்னிடம் பழகிய ஒரு நாயும் பாம்பு கடித்துச் சாகவில்லை. இதை நிமிர்ந்தே சொல்வேன். மிளகுக்கு ஈடாகுமா என்று கேட்பீர்கள். ஆகாது.

சென்ற மாதம் கௌசல்யா ஒரு குட்டியோடு வந்தார். இருபத்து மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். கடைசி நாள் இருவரும் ஜன்னலுக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்தோம். குட்டி புல்லில் துள்ளிப் போயிற்று. வாசனை எட்டியதும் நின்றது; பின்வாங்கியது; ஒரே ஓட்டமாக வாசலுக்கு வந்துவிட்டது. குறை சொல்ல முடியாத வேலை!

கௌசல்யா சிரித்தார்.

"நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க. ஆனா மிளகு மாதிரி வராதுங்கண்ணா. இது பயந்தாங்கொள்ளி."

சொல்லிவிட வேண்டிய தருணம் அதுதான். வாயைக்கூடத் திறந்துவிட்டேன்...

"ஆமா மேடம்" என்றேன்.