மேலுக்குப் பூசுகிற மருந்துதானே

பேக்கரியில் கேக்கின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கிழிக்கும்போது 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் போதும், என் மேலுதடு தடித்துக்கொள்கிறது. போன சித்திரையில் கோட்டுச்சேரி வீட்டுக் கண்ணாடி முன் நின்று, அதே தாளை என் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றியவன் நான்.

கழுத்தில் மருக்கள். எள்ளளவில் தொடங்கி மிளகளவுக்கு வளர்ந்து, காலர் உரசி ரத்தம் கசிந்தது. கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டுப் பார்த்தாயிற்று. உப்பு கரைந்தது, மரு கரையவில்லை. காரைக்காலில் ஒரு தோல் டாக்டரம்மா சுட்டு எடுத்துவிடலாம் என்றார். மரத்துப்போக ஒரு கிரீம் எழுதிக் கொடுத்தார். மருக்கள் மேல் மட்டும், மொத்தமே பட்டாணி அளவு, ஒரு மணி நேரம் முன்னால், மூடிக் கட்டக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்.

வலியைப் பற்றி இரண்டு கவிதைத் தொகுப்பு போட்டவன் நான். வலியே, வா, வந்து என் மடியில் உட்கார் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். நிஜமாகவே வருகிறது என்றதும் மடியை மடக்கிக்கொண்டேன். ஒரு பட்டாணியா? இந்தக் கழுத்துக்கா? நெஞ்சு வரை சவரம் செய்தேன், இரண்டு இடத்தில் கீறல். அதன்மேலேயே, சளிக்குத் தைலம் தேய்க்கும் தாராளத்தோடு, காது மடல் முதல் தோள்பட்டை வரை பிதுக்கினேன்.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"ஏங்க, என்ன இது, தயிர்சோத்த அப்பிக்கிட்டு? பட்டாணி அளவுன்னுல்ல சொன்னாங்க?"

"மேலுக்குப் பூசுறதுதானே. குடிச்சேனா?"

"குடிச்சாலும் குடிப்பீங்க."

பதினோரு மணி சிகிச்சைக்கு எட்டு மணிக்கே பூசி, தாளைச் சுற்றி, மேலே துண்டும் போட்டு, பஸ்ஸில் வெயில் பக்கத்து சன்னலில் உட்கார்ந்தேன். கழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஞானிகள் இப்படித்தான் இருப்பார்கள் போல என்று தோன்றியது.

கிளினிக் கழிப்பறையில் தாளை உரித்துப் பைக்குள் திணித்தேன். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாகப் போய்ப் படுத்தேன். நர்ஸ் கடலோரக் கருக்களாச்சேரிக்காரர். அலைக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"எவ்வளவு தடவுனீங்க சார்?"

"கொஞ்சம்தான்."

ஒரு மழைத்துளிக்கு மூன்று பக்கம் எழுதுகிறவன், அன்று ஒரே சொல்லில் முடித்தேன். அதுவும் பொய். பயந்தாங்கொள்ளி என்று அந்தப் பெண் நினைத்துவிடக் கூடாதே.

டாக்டரம்மா ஊசியில் மருந்தை ஏற்றினார். என் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. நாக்கில் பழைய காசைச் சப்பிய ருசி. காதுக்குள் ஒரு ரைஸ்மில். எல்லாம் ஊசியைப் பார்த்த பயம் என்றே நினைத்தேன்.

"சுடுறதுக்கு முன்னாடி ஒரு ஊசி போட்டுடறேன். கிரீம்ல உள்ள மருந்துதான் இதுலயும். ரெண்டும் சேர்ந்துதான் அளவு, அதான் கேக்கச் சொன்னேன்" என்றார்.

ஊசி கழுத்தருகே வந்துவிட்டது.

"முழு டியூபும்" என்றேன். உதடு தடித்து, 'முவு டியூவும்' என்றுதான் வந்தது. "எட்டு மணிக்கே. பிளாஸ்டிக் சுத்தி. பஸ்ல வெயில்ல வந்தேன்."

ஊசி தட்டுக்குத் திரும்பியது. நர்ஸ் ஈரத்துணியால் என் கழுத்தை, மீன் செதில் உரசுவதுபோலத் துடைத்தார். கையில் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். டாக்டரம்மா திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

"கீறின தோலு, மூடின தோலு, மேல வெயிலு. மருந்து உள்ள ஓடாம என்ன செய்யும்? ரத்தத்துல ஏறினா இதயம் வரைக்கும் போகும் சார். அது மேல நான் ஊசியும் போட்டிருந்தா?"

ஒயர்களுக்குக் கீழே இதயம் தடதடத்தது. அதைப் பற்றி ஓர் உவமையும் வரவில்லை.

"கதை கவிதையெல்லாம் எழுதுவீங்களாமே" என்றார் நர்ஸ். "ஒரு டியூபுன்னு சொல்ல வாய் வரலியா?"

மாலை வரை படுக்க வைத்தார்கள். எறும்புகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. மருக்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். கிரீமை அங்கேயே அவர்களே தடவுவார்களாம். வாசல் வரை வந்து செருப்பை எடுத்துப்போட்ட நர்ஸிடம் தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"பட்டாணி அளவுக்கே தடவினா, வலிக்குமா சிஸ்டர்?"

"கொஞ்சம் வலிக்கும் சார். வாங்க."