நாருக்குக் குறுக்கே

அந்த மாட்டுக்கறிக் கடைக்காரிக்குச் சந்தையில் 'நறுக்கு' என்று பெயர். நறுக்குத் தெறித்தாற்போல் பேசுவாள், பேச்சு முடிவதற்குள் கையும் பேசிவிடும், அதனால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. ஒருமுறை ஒரு ஆள் இறைச்சியை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "பழசு மாதிரி இருக்கே" என்று இழுத்தான். நறுக்கு அவன் கையை வெட்டுக்கட்டையின் மேல் பிடித்து அழுத்தி, விரல் இடுக்கில் கத்தியை நட்டு, "கத்தி புதுசா தீட்டினது, பாக்கறியா?" என்று கேட்டாள். அதன் பிறகு அவள் கடையில் யாரும் எதையும் அமுக்கிப் பார்ப்பதில்லை.

போன வருஷம் மீன்காரம்மாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்த குடிகாரனை எடைக்கல்லால் தாடையிலேயே போட்டாள். மூன்று பல் போயிற்று. மூன்று நாள் லாக்கப்பில் இருந்துவிட்டு வந்தாள். பல்லுக்கு ஒரு நாள், நியாயமான தண்டனைதான் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ கை நீட்டின, கடைக்கும் பூட்டு, உனக்கும் பூட்டு" என்று சொல்லி அனுப்பினார்.

இந்தக் கோபம் அவளாகத் தேடிக்கொண்டதல்ல, அப்பன் வைத்துவிட்டுப் போன சொத்து. அவரும் கறி வெட்டியவர்தான். இதே கட்டை, இதே கத்தி. கடையில் மாட்டை வெட்டுவார், வீட்டுக்கு வந்து அம்மாவை அடிப்பார். கேட்டால், "அடியாத மாடு படியாது" என்பார். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு அம்மா கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். கறி வாங்க வருகிறவர்கள் விசாரித்தால், "வழுக்கி விழுந்துட்டேன்" என்பாள். அந்த வீட்டுத் தரை அப்படி ஒன்றும் வழுக்குகிற தரை இல்லை. நறுக்கும் அவள் தங்கையும் அதே தரையில்தான் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். ஒருநாளும் விழுந்ததில்லை.

அப்பன் உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. "நாரோட வெட்டினா செருப்பு, நாருக்குக் குறுக்க வெட்டினா பஞ்சு." இறைச்சியில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்குக் குறுக்கே கத்தி போகவேண்டும். தப்பாக வெட்டினால் கத்தியின் பட்டைப் பக்கம் விரல் முட்டியில் விழும். அக்கா தங்கை இருவருமே முட்டி வீங்கித்தான் கற்றுக்கொண்டார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கத்தியைக் கொடுத்தாலும் குறுக்கேதான் வெட்டுவார்கள். மெல்லிசாக வெட்டுவதில் தங்கைதான் கெட்டிக்காரி.

அந்தத் தங்கை ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு டயர்க் கடைக்காரனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றாள். நறுக்கு அவன் கடைக்கு எதிரே அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

"வேணாம்டீ. ஒரு போல்ட்டு கழலலேன்னு சக்கரத்தப் போட்டு அந்த அடி அடிக்கறான். நாளைக்கு நீ கழலலேன்னா?"

தங்கை கேட்கவில்லை. காதல் வந்தவளுக்குக் காது எங்கே இருக்கிறது. நறுக்கும் ஆத்திரத்தில், "போ. போனா போனதுதான். அழுதுகிட்டு வந்து என் வாசல மிதிக்காத" என்று சொல்லிவிட்டாள். சொன்ன நிமிஷமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் சொல்லைத் திரும்ப எடுக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

தங்கை வந்து போய்க்கொண்டுதான் இருந்தாள். அழுதுகொண்டு ஒருநாளும் வரவில்லை. எப்போது கேட்டாலும், "அவர் நல்லா பாத்துக்கறார்க்கா" என்று சிரிப்பாள். இந்த வருஷம் நாலு மாதமாக அந்தச் சிரிப்பும் வரவில்லை. நறுக்கு விடுவதாக இல்லை. நேரில் பார்த்து, வாயைப் பிடுங்கியாவது விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, ஏரிக்கரைக்கு இருவரையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினாள்.

ஏரிக்கரை என்றால், கோடையில் சந்தைக்காரர்கள் எல்லோரும் ஒருநாள் கடையை அடைத்துவிட்டுப் போய்ச் சமைத்துத் தின்கிற இடம். கறி எப்போதும் நறுக்கின் பொறுப்பு. முப்பது வாய்க்கு நல்ல முதுகுக்கறி போட்டால் கடையை விற்கவேண்டியதுதான். அவள் எடுப்பது வயிற்றோரத்துத் தட்டைக்கறி. கடையில் கடைசிவரை கிடக்கும், நாய் வளர்க்கிறவர்கள்தான் கேட்டு வாங்குவார்கள். அதை முதல்நாளே பூண்டு, மிளகு, எண்ணெய், கொஞ்சம் வினிகர் போட்டு ஊறவைத்துவிடுவாள். கரி வெள்ளையாய்ப் பூத்து, மேலே நீட்டிய கை மூன்று எண்ணுவதற்குள் பின்வாங்குகிற சூட்டில் கம்பி வலையில் போடுவாள். இந்தப் பக்கம் நாலு நிமிஷம், அந்தப் பக்கம் நாலு நிமிஷம். பிறகு பலகையில் எடுத்துவைத்துச் சும்மா விடுவாள். உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகைக்குத்தான் போகும். அவள் பொறுமையாக இருந்து யாராவது பார்த்திருந்தால், அது இந்தக் கறி ஆறுகிற நேரத்தில்தான் இருக்கும்.

தங்கை வந்தாள். மண்டையைப் பிளக்கிற வெயிலில் கழுத்திலிருந்து முழங்கால்வரை சால்வை போர்த்தியிருந்தாள்.

"என்னடீ வேஷம் இது?"

"காய்ச்சல்க்கா. குளிருது."

பின்னாலேயே டயர்க்காரன் வந்தான். காலையிலேயே கொஞ்சம் ஊற்றியிருந்தான். வலையை எட்டிப் பார்த்து, "என்ன அண்ணி, எங்களுக்கு நாய்க்கறியா?" என்றான்.

"வர்ற ஆளப் பாத்துதான் மாப்பிள்ள கறி எடுக்கறது" என்றாள் நறுக்கு.

நறுக்கின் புருஷன் ஐஸ் விற்கிறவர், குளிர்ந்த மனுஷன். ஐஸ் பெட்டியை நிழலில் வைத்துவிட்டு அட்டையால் கரியை விசிறிக்கொண்டிருந்தார். வந்ததும் வராததுமாய்ச் சண்டை வேண்டாமே என்று கண்ணால் கெஞ்சினார். நறுக்கு தங்கையிடம் திரும்பி, ஆறிய துண்டையும் கத்தியையும் நகர்த்தினாள்.

"இந்தா, வெட்டு. உன் கையால வெட்டித் தின்னு எத்தன நாளாச்சு."

"நீயே வெட்டுக்கா."

"ஏன், டயர்க்கடைக்குப் போனதும் கத்தி பிடிக்க மறந்துடுச்சா?"

அதற்குள் கொழுப்பு சொட்டித் தீ குப்பென்று ஏறியது. நறுக்கு இடுக்கியோடு வலைப்பக்கம் திரும்பி, மிச்சக் கறியை ஓரத்துக்குத் தள்ளினாள். திரும்பி வந்தபோது பலகையில் துண்டுகள் கிடந்தன. டயர்க்காரன் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றான். மென்றான், மென்றான், கடைசியில் தங்கையின் காலடியில் துப்பினான்.

"டயர வெட்டி வெச்சிருக்கா. என் கடையிலேயே கிடக்கே, இதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம்?"

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அவள் பிடரியில் முட்டியால் ஒரு குத்துவிட்டான். விளையாட்டு மாதிரி. தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நறுக்கு ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். நாரோடு வெட்டியிருந்தது. முதலில் தங்கைமேல்தான் கோபம் வந்தது. இவளா, நாரோடா? இரண்டாவது துண்டை எடுத்தாள். வெட்டு நேராக இல்லை, எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. நடுவில் பிய்ந்திருந்தது. கறியை அழுத்திப் பிடிக்க இன்னொரு கை இல்லாமல், இடது கையால், துண்டு கிடந்த வாக்கிலேயே இழுத்து இழுத்து அறுத்த வெட்டு. இறைச்சி பொய் சொல்லாது. நறுக்கு துண்டைப் போட்டுவிட்டுத் தங்கையின் சால்வையை ஒரே இழுப்பில் இழுத்தாள்.

வலது மணிக்கட்டு கறுத்து, முழங்கைப் பருமனுக்கு வீங்கியிருந்தது. இரண்டு விரல் மடங்கியபடி நின்றன.

"என்னடீ இது?"

"பாத்ரூம்ல விழுந்துட்டேன்க்கா."

அம்மாவின் சொல். அம்மாவின் குரல். அந்தக் கடைசி இழுவைகூட அம்மாவுடையதுதான். நறுக்கின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"தரை பாத்து நடக்கத் தெரியாது அண்ணி இவளுக்கு" என்றான் டயர்க்காரன். "உங்கம்மாவுக்கும் இதே வியாதியாமே. உங்கப்பா சொன்னது சரிதான், அடியாத மாடு..."

படியாது என்பதைச் சொல்ல அவனுக்கு வாய் இல்லை. இடுக்கி வாயில் இறங்கியிருந்தது. உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் கொட்டியது. அவனும் சும்மா இல்லை. டயர் கழற்றுகிற கை. நறுக்கின் வயிற்றில் குத்தி, முகத்தில் குத்தி, விழுந்தவளை விலாவில் உதைத்தான். விலக்க வந்த ஐஸ்காரரை ஒரே தள்ளில் புல்லில் உருட்டிவிட்டான். பிறகு தங்கையின் அந்த வீங்கிய மணிக்கட்டையே பார்த்துப் பிடித்து இழுத்தான். "ஏறுடீ வண்டில."

தங்கை போட்ட அலறல் ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. நறுக்கு எழுந்தாள். பின்னாலிருந்து அவன் சட்டையைப் பற்றி வலைப்பக்கம் சாய்த்து, அவன் வலது உள்ளங்கையைக் கம்பியில் வைத்து அழுத்தினாள். கறி வேகிற அதே சத்தம் வந்தது. அவன் உதைத்த உதையில் வலை கவிழ்ந்து, நெருப்பு புல்லில் சிதறியது. அடுத்த நொடி அவன் மல்லாந்து கிடந்தான். நெஞ்சில் அவள் முழங்கால், தொண்டையில் பலகையிலிருந்த கத்தி. எங்கே வைத்து எவ்வளவு ஆழம் இறக்கவேண்டும் என்று அந்தக் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வேணாம்மா" என்று ஐஸ்காரர் தவழ்ந்து வந்தார். "கடை போயிடும். நீ போயிடுவ."

"போகட்டும்."

அவன் தொண்டையில் முதல் ரத்தம் முத்தாகக் கட்டியது. அப்போது தங்கை பேசினாள். அவள் கத்தவில்லை.

"வெட்டுக்கா. வெட்டிட்டு நீ ஜெயிலுக்குப் போ. அப்புறம் நான் யார் வீட்டுக்கு வருவேன்?"

நறுக்கு நிமிர்ந்து பார்த்தாள்.

"வாசல மிதிக்காதன்னு நீ சொன்னதுக்காக நான் நாலு மாசமா வராம இல்ல. அத எப்பவோ மறந்துட்டேன். சொன்னா நீ இவர வெட்டுவேன்னு தெரியும். அதனாலதான் ஆறு வருஷமா உங்கிட்ட நல்லா பாத்துக்கறார்னு, ஊர்கிட்ட விழுந்துட்டேன், விழுந்துட்டேன்னு..."

அவனுக்குப் பயந்து தங்கை வாயை மூடியிருக்கிறாள் என்றுதான் நறுக்கு நினைத்தாள். தனக்கும் பயந்திருக்கிறாள். அவளுக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனால் கத்தியை எடுத்து ஏரியில் வீசினாள். அப்பன் காலத்துக் கத்தி, தண்ணீரில் விழுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை.

டயர்க்காரன் எழுந்து கையை உதறிக்கொண்டு நிழலுக்கு ஓடினான். "சகலை, ஐஸ் குடுங்க. எரியுது சகலை."

ஐஸ்காரர் பிறந்ததிலிருந்து யாருக்கும் ஐஸ் இல்லை என்று சொன்னதில்லை. நிறைந்த பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "தீந்துபோச்சு சகலை" என்றார்.

அவன் கேஸ் போடுவேன், உள்ளே தள்ளுவேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அதன் பிறகுதான் ஐஸ்காரர் பெட்டியைத் திறந்து, துணியில் ஐஸ் கட்டித் தங்கையின் மணிக்கட்டில் வைத்தார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். தங்கை காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஐஸ்காரர் காகிதத்தில் மடித்து எடுத்து வந்த துண்டு ஒன்றை நறுக்கு அவள் வாயில் ஊட்டினாள்.

"செருப்புக்கா" என்றாள் தங்கை, மென்றுகொண்டே.

"மெல்லு. நீ வெட்டினதுதானே."

இருவரும் சிரித்தார்கள். நறுக்குக்கு விலா வலித்ததில் பாதிச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்போது கூப்பிட்டார்கள். நர்ஸ் மணிக்கட்டைப் பார்த்தாள், நறுக்கின் கிழிந்த முகத்தையும் பார்த்தாள்.

"நீங்க?"

"அக்கா. மொதல்ல இவளப் பாருங்க."

நர்ஸ் பேனாவை எடுத்தாள். "எப்படி ஆச்சு?"

நறுக்குக்குப் பதில் வாய்வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் வாயை மூடிக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான். தங்கை கீழே பார்த்தாள். அப்போதுதான் துடைத்துவிட்டுப் போன தரை, ஈரம் மினுங்கியது.

"விழு..." என்று தொடங்கினாள். நிறுத்தினாள். அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். நறுக்கு அசையவில்லை.

"விழல" என்றாள் தங்கை. "என் புருஷன் முறுக்கினான்."

நர்ஸ் தலை நிமிர்ந்தாள். "வீட்டுக்காரர் கைய முறுக்கினாரா?"

"முறுக்கினார் இல்ல" என்றாள் தங்கை. "முறுக்கினான். அப்படியே எழுதுங்க."