திரைக்குப் பின்னாலிருந்து விற்ற சீவுளி

என் கணவர் மவுத்தாகி, நான் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் நான்கு மாதம் பத்து நாள் துக்கமாக இத்தா இருந்த நேரம். அவர் ஆசையாகச் சேர்த்த பழைய தச்சுச் சாமான்கள், உளி, வாள், மரம் இழைக்கும் சீவுளி என்று ஒரு பெட்டி நிறைய இருந்தன. அதைப் பார்த்தாலே அழுகை வந்தது. கொழும்பிலிருந்து பழைய சாமான் வாங்கும் ஒருவர் வந்தபோது, திரைக்குப் பின்னாலிருந்தே, "எல்லாத்தையும் குடுத்திடுங்க தம்பி" என்று என் தம்பியிடம் சொல்லிவிட்டேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இத்தா முடிந்த கிழமை, என் கணவரை அண்ணன் போல 'நானா' என்று அழைக்கும் ஒருவர் உச்சமுனையிலிருந்து தோணியில் வந்தார்.

"ராத்தா, எங்க வாப்பாட சீவுளிய நானாக்கிட்ட பத்திரமா வெச்சிருக்கச் சொல்லி அமானிதமா தந்திருந்தன். அத எடுத்துட்டுப் போக வந்தன்."

வாங்கியவரின் பெயரோ போன் நம்பரோ தம்பிக்கும் தெரியாது. உண்மையைச் சொல்லி அழுதேன்.

"வாப்பாட பெருவிரல் பட்டுப் பட்டு அதுல ஒரு குழி விழுந்திருந்திச்சு. அதுல என்ட விரல வெச்சுப் பாக்கணும் போல இருந்திச்சு. பரவாயில்ல ராத்தா" என்றவர், தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இப்போது என் வீட்டில் இருக்கும் பிறர் பொருள் ஒவ்வொன்றிலும், பக்கத்து வீட்டுச் சட்டியில்கூட, உரியவர் பெயரை எழுதி ஒட்டி வைக்கிறேன். என் கணவர் பெயரை எழுதி ஒட்டத்தான் ஓர் உளிகூட என்னிடம் இல்லை.