வெள்ளை டேப், மஞ்சள் டேப்

மலேசியாவில், கிள்ளானில் ஒரு தனியார் பள்ளியில் வயலின் டீச்சர் நான் ஒருத்திதான். மழையோ வெயிலோ, பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்விடுவேன். அப்படியிருக்க, தாய்லாந்திலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண் தன் நாட்டுப் பாரம்பரிய இசையைப் பள்ளியின் அதே வயலின்களில் சொல்லித்தரப் போகிறாள் என்று பிரின்சிபல் அறிவித்தார். இருவருக்கும் ஒரு வருஷக் கான்ட்ராக்ட். ஆண்டு விழா முடிந்ததும் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்களாம்.

அவள் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகளை வயலினைக் கும்பிட்டுவிட்டு எடுக்கச் சொல்வாள். தரையில் கிடக்கும் வயலினைத் தாண்டினால் அதட்டுவாள். எல்லாம் பெற்றோரை மயக்கத்தான் என்று நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை என் வகுப்புப் பிள்ளைகள் மொத்தமாக அபசுரத்தில் வாசித்தார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு விரல் வைக்கும் இடம் தெரிய மெல்லிய டேப் ஒட்டியிருப்பேன். உற்றுப் பார்த்தால், எல்லா வயலினிலும் டேப் ஒரு நெல்லளவு தலைப்பக்கம் நகர்ந்திருந்தது. முந்தின நாள் அவள் வகுப்பு. என் வேலைக்கு உலை வைக்கிறாள் என்று கொதித்தேன்.

அடுத்த புதன்கிழமை கையும் களவுமாகப் பிடித்தேன். நகத்தால் டேப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த டேப்ல எங்க பாட்டு வராது, டீச்சர்," என்றாள் மலாய் மொழியில், பதறாமல். அவர்களுடைய ஏழு சுரத்துக்கும் இடைவெளி ஒரே அளவாம், நம்முடையது அப்படியில்லையாம். பாடியும் காட்டினாள். என் டேப் இருந்த இடத்தில் வெள்ளைப் பென்சிலில் குறி வைத்துவிட்டு அதை நகர்த்தி ஒட்டுவாளாம், வகுப்பு முடிந்ததும் திரும்பக் குறியிலேயே ஒட்டிவிடுவாளாம். போன வாரம் மணி அடித்த அவசரத்தில் மறந்துவிட்டாளாம். நல்ல கதை என்று நினைத்தேன். ஆனால் குறி இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு வெள்ளை டேப், அவளுக்கு மஞ்சள். இரண்டும் ஒட்டியே இருக்கும். இருந்தாலும் வியாழக்கிழமைதோறும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

ஆண்டு விழாவில் முதலில் என் பாட்டு, அடுத்து அவளுடையது. அதில் மூன்றாவது சுரம் வழக்கம்போல என் காதைக் குத்தியது. பிள்ளைகளின் விரல்களோ மஞ்சள் டேப்பில் அச்சாக உட்கார்ந்திருந்தன.

பிரின்சிபல் என் பக்கம் குனிந்தார். "சுருதி விலகுற மாதிரி இருக்கு லா. நீங்கதான் இதெல்லாம் படிச்சவங்க. தப்பா வாசிக்கிறாங்களா?"

'ஆமாம்' என்றால் போதும், வேலை எனக்கு. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேடையோரம் நின்ற அவள் என் வாயையே பார்த்தாள், இத்தனை மாதம் நான் அவளைப் பார்த்த அதே சந்தேகத்தோடு.

"இல்ல மேடம். சரியாத்தான் வாசிக்கிறாங்க."

பிரின்சிபல் மேடையைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அதே வயலின், அதே பிள்ளைங்க. அப்போ முதல்ல வாசிச்ச உங்க பாட்டுதான் தப்பா, டீச்சர்?"