பேர் சொல்லாமல் போட்ட வீடியோ

புது ரப்பரின் வாசனை. உத்திரமேரூர் பஜாரில் செருப்புக் கடையைத் தாண்டும்போதெல்லாம் அது என்னைப் பிடித்து நிறுத்துகிறது. வெயில் பட்ட டயர், கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் சூடான தார். மற்றவர்களுக்கு அது செருப்பு. எனக்கு அது எங்கள் மாடி அறை, சுவரோரம் அடுக்கிய நெல் மூட்டைகள், நடுவே விரித்த ஊதா நிற ரப்பர் பாய்கள், மல்லாந்து கிடந்த இரண்டு பெண்கள். ஒருத்தி நான். இன்னொருத்தி எதிர்வீட்டுக்காரி.

கர்ப்பப்பையை எடுத்த பிறகு என் உடம்பு எனக்கு வாடகை வீடு போல ஆகிவிட்டிருந்தது. எந்தக் கதவு எப்போது சத்தம் போடும், எந்தச் சுவரில் ஓதம் கசியும், ஒன்றும் பிடிபடவில்லை. குனிந்து கோலம் போட்டால் நிமிர ஒரு பிடி வேண்டும். காஞ்சிபுரத்து டாக்டரம்மா வயிற்றுத் தசைக்கு ஏதாவது பயிற்சி செய்யச் சொன்னார். எதிர்வீட்டுக்காரி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போய் வந்தவள், நாலு வார்த்தை ஆங்கிலம் தெரிந்தவள். அவள்தான் போனில் தேடி எடுத்தாள்.

"அக்கா, இது பிலாட்டீஸாம். படுத்துக்கினே பண்ணலாம். உனுக்குன்னே கண்டுபுடிச்சிகிறாங்க."

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கான வீடியோ. இருபது நிமிடம். மரத்தரை போட்ட கூடத்தில், விலா எலும்பை எண்ணிவிடலாம் போன்ற ஒரு வெள்ளைக்காரப் பெண், காலை உயர்த்திக்கொண்டே மூச்சு வாங்காமல் பேசுவாள். போனை ஒரு மூட்டைமேல் சாய்த்து வைப்போம். அவள் பேசுகிற ஆங்கிலத்தை எதிர்வீட்டுக்காரி எங்கள் ஊர்ப் பேச்சுக்கு இறக்குவாள்.

"தொப்புள எட்த்துக்கினு போயி முதுவுல ஒட்டுக்கா."

"ஒட்டிக்கினா அப்புறம் யார்டி பிரிக்கிறது?"

"மாமாவ கூப்டு."

சிரித்தால் பயிற்சி கெட்டுவிடும். சிரித்தோம். தலையையும் காலையும் தரையிலிருந்து தூக்கி, இரண்டு கையாலும் காற்றை நூறு தரம் தட்ட வேண்டும். முதல் நாள் பதினெட்டில் சரிந்தேன். பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு அவள் ஒன்பதரைக்கு வருவாள். நான் அடுப்பை அணைத்திருப்பேன். அந்த அரைமணி யாருக்கும் சமைக்காத, யாருக்கும் பதில் சொல்லாத அரைமணி.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, நூறு தட்டும்போது நெல் தூசிக்குத் தும்மினேன். தும்மலோடு அதுவும் வந்துவிட்டது. நைட்டி நனைந்தது. கோரைப் பாயாக இருந்தால் குடித்து மறைத்திருக்கும். ரப்பர் பாய் எதையும் குடிக்காது, அப்படியே ஏந்திக் காட்டும். நான் எழுந்திருக்காமல் கிடந்தேன். வெள்ளைக்காரி மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தாள். எதிர்வீட்டுக்காரி போனை நிறுத்தினாள். கீழே போய்ப் பழைய துணி கொண்டு வந்து துடைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்காததனால்தான் சொன்னேன். ஆபரேஷனுக்குப் பின் வந்தது. இருமினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால் சொட்டும். பக்கத்து ஊரான பெருநகருக்குப் போக வேண்டுமென்றால்கூட விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறுவேன். வீட்டுக்காரருக்குத் தெரியாது. பெற்ற மகளுக்குத் தெரியாது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் வயித்தோட போச்சிக்கா. செத்தாலும் வெளிய வராது."

மறுநாளே வேறு வீடியோ தேடிக்கொண்டு வந்தாள். அடித்தசையை இறுக்கி, மூச்சோடு எண்ணி, மெல்ல விடுகிற பயிற்சி. இடுப்பைத் தூக்கிப் பாலம் போல நான் நிற்கையில் பக்கத்தில் உட்கார்ந்து கத்துவாள். "புடி... புடி... வுட்றாத... இப்ப வுடு." மழை வந்து போனது. அறுப்பு வந்து போனது. அறையில் மூட்டைகள் குறைந்து மறுபடி ஏறின. ஒரு நாள் தும்மினேன். உலர்ந்திருந்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள், கீழே ஓடிப் போய்ச் சர்க்கரை அள்ளி வந்து என் வாயில் போட்டாள். அவள் சந்தோஷம் பொய் இல்லை. இன்றைக்கும் அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

ரேஷன் கடை வரிசையில் தெரிந்தது. எனக்கு முன்னால் நின்ற பின்தெருக்காரி திரும்பினாள்.

"இன்னாக்கா, இப்பல்லாம் நல்லா தும்மலாமாமே?"

"தும்மறதுக்கு உங்கிட்ட சீட்டு வாங்கணுமா?" என்றேன், ஒன்றும் புரியாமல்.

வரிசை சிரித்தது. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். "சும்மா இரேன்டி, பாவம்" என்றாள் இன்னொருத்தி. அந்தப் பாவம்தான் முதலில் குத்தியது. பின்தெருக்காரி போனை நீட்டினாள்.

எதிர்வீட்டுக்காரி. புதுச் சுடிதார், பளிச்சென்ற பொட்டு. 'கீது'வையும் 'இன்னா'வையும் கழற்றி வைத்துவிட்டு டி.வி.க்காரர்கள் மாதிரி பேசினாள். "எங்க தெருவுல மாடி வீட்டு அக்கா ஒருத்தங்க. கர்ப்பப்பை எடுத்தவங்க. தும்மினாலே சிறுநீர் வந்துடும். நான்தான் அவங்களுக்குப் பிலாட்டீஸ் கத்துக்கொடுத்தேன்." இதைக்கூடப் பொறுத்திருப்பேன். அடுத்து, அந்த அக்கா முன்பெல்லாம் எப்படிச் சிரிப்பாள் என்று நடித்துக் காட்டினாள். ஒரு காலை மற்றதன்மேல் பின்னி, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, கையால் சுவரைத் தேடி. அது நான். அத்தனை நாளும் அப்படித்தான் சிரித்திருக்கிறேன், எனக்கே தெரியாது. அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள். எங்கள் சிரிப்பிலிருந்து.

அரிசி வாங்காமல் திரும்பினேன். வெயில், தெரு, என் கால்கள். எல்லோரும் என் கால்களைப் பார்ப்பது போலிருந்தது.

மறுநாள் ஒன்பதரைக்கு வழக்கம் போல மாடிக்கு வந்தாள். நான் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன்.

"பாத்துட்டியாக்கா?"

"ஊரே பாத்துச்சி. நா கடசியா பாத்தேன்."

"பேர் சொல்லலியேக்கா."

எங்கள் ஊரில் பெயர் என்பது ரேஷன் கார்டுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும். தெருவில் யாரும் பெயரோடு நடமாடுவதில்லை. கிணத்து வூட்டுக்காரி, டைலர் பொண்டாட்டி, எதிர்வூட்டுப் பொண்ணு. என் பெயரைச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் யாரோ என்று விட்டிருப்பார்கள். தெருவில் மாடி வைத்த வீடு ஒன்றுதான். பேரை மறைத்தால் ஆளை மறைத்தாயிற்று என்று அவள் நிஜமாகவே நம்பியிருந்தாள். அது முகத்தில் தெரிந்தது.

"நேத்தே அழிச்சிட்டேன்க்கா. ஆனா வீடியோவுக்குக் கீழ எத்தினி பேரு எழுதியிருந்தாங்க தெரியுமா? எனக்கும் இப்டித்தான் கீது, வெளிய சொல்ல முடியலன்னு. அவங்களுக்கெல்லாம் நல்லதுதானக்கா?"

"நல்லதுதான். நீ சொல்லு, பயிற்சி குடு, யார் வாணான்னது? என்னுத ஏன்டி எட்த்த? ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா நீ வாணான்னிருப்ப."

"ஆமா."

"அதான் கேக்கல."

நானும் கதை எழுதுகிறவள். எத்தனை பேரைப் பேர் சொல்லாமல் எழுதியிருக்கிறேன், யாரைக் கேட்டேன்? அந்த எண்ணம் வந்தது. வந்தும் என் ஆத்திரம் தணியவில்லை. இரண்டு முள்ளும் ஒரே காலில் தனித்தனியாகக் குத்திக்கொண்டிருந்தன. இதை இன்று நானே எழுதுவதுகூட, இனி அது என் வாயிலிருந்து வந்ததாக இருக்கட்டும் என்றுதான்.

அவள் குனிந்து தன் பாயைச் சுருட்டினாள். சுருட்டியதை மார்போடு அணைத்துக்கொண்டு படி வரை போய் நின்றாள். கண் கலங்கியிருந்தது. என்னால் அதைத் துடைக்க முடியவில்லை.

"நா வர்லன்னாலும் டெய்லி பண்ணுக்கா. நிறுத்திட்டா திரும்ப வந்துடும்."

"வந்தா வரட்டும். இனிமே யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."