முன்பே பார்த்துச் சொன்ன ஸ்டெல்லா

ஸ்டெல்லா இறந்த செய்தி திங்கட்கிழமை காலை, நெருப்பெரிச்சல் பகுதியில் உள்ள எங்கள் அலுவலகத்தில் நான் கணினியைத் திறந்துகொண்டிருந்தபோது வந்தது. தாராபுரத்திலிருந்து அவருடைய தம்பி பேசினார். "அக்கா போயிட்டாங்க. நெஞ்சு வலிங்க" என்றார்.

பனியன் கம்பெனிகளுக்கு, பிரவுசரில் திறந்து பயன்படுத்தும் மென்பொருள் எழுதும் எங்கள் சின்ன அலுவலகத்தில், அதைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவருடையது. அவரோடு பழகியவர்களுக்கு ஞாபகமிருக்கும், அவர் கணினியில் ஒரே பிரவுசர் மூன்று விதமாக இருக்கும். தினமும் புதிதாக வந்து அடிக்கடி முடங்கிப்போகும் பதிப்பு ஒன்று. அதில் தேறியவை சில வாரங்கள் கழித்து வந்து சேரும் பீட்டா என்கிற முன்னோட்டப் பதிப்பு ஒன்று. கடைசியாக, ஊரே பயன்படுத்தும் பதிப்பு. "பீட்டாவுல இன்னைக்கு ஒடையறது, அடுத்த மாசம் நம்ம கஸ்டமருக்கு ஒடையுங்க" என்பார்.

ஒருமுறை தினசரிப் பதிப்பில் எங்கள் பக்கங்கள் குலைவதைப் பார்த்து எச்சரித்தார். எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு மாற்றி எழுதினோம். பிரவுசரைத் தயாரிக்கிறவர்களோ அந்த மாற்றத்தைப் பீட்டாவுக்கே அனுப்பாமல் கைவிட்டார்கள். அலுவலகமே சிரித்தது. அதன்பின் அவர் எதைச் சொன்னாலும், "அது வரட்டும், பாத்துக்கலாம்" என்பதே பதில். மதியச் சாப்பாட்டைத் தன் மேசையிலேயே சாப்பிடத் தொடங்கினார்.

பனியன் கம்பெனிகள் எங்கள் மென்பொருளில் எடுக்கும் அட்டைப்பெட்டி லேபிள் பீட்டாவில் பாதிதான் அச்சாகிறது என்று அவர் சொன்னபோதும் யாரும் நம்பவில்லை. லேபிள் இல்லாமல் ஒரு பெட்டியும் லாரி ஏறாது. எழுந்து முதலாளி அறைக்குப் போனார். "இதுவும் தப்பாப் போனா மறுபடியும் சிரிங்க சார். ஆனா ஒருக்கா பாத்துருங்க." பார்த்தோம், திருத்தினோம். அந்தப் பதிப்பு எல்லோருக்கும் வந்த நாளில் பெட்டிகள் வழக்கம்போலக் கிளம்பின. சாயங்காலம் என்னிடம், "ஏனுங்க, இன்னைக்கு கஸ்டமர்கிட்டருந்து ஒரு போன்கூட வரல பாத்தீங்களா?" என்றார். வேறு யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்தபின் அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்புள்ள அங்க என்ன வேல பாத்துச்சு கண்ணு?"

"எல்லாருக்கும் வரப்போற தொந்தரவ முன்னாடியே பாத்துச் சொல்லுவாங்கம்மா."

"ஒண்டியாவா?"

"ஆமாங்க" என்றேன்.

நேற்று பீட்டாவில் எங்கள் பக்கத்தில் தேதியைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் திறக்க மறுத்தது. சொன்னால் சிரிப்பார்களோ என்று சற்று நேரம் தயங்கினேன். பிறகு எழுந்து முதலாளி அறைக் கதவைத் தட்டினேன். சிரித்தவர்களிடமே மறுபடி எழுந்து போகிற துணிச்சல்தான் ஸ்டெல்லாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது, "என்னங்க சொன்னாரு?" என்று கேட்க யாரும் இல்லை.