கேட்டிலிருந்து வாசல்வரை

விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில்தான் என் நடமாட்டம். கடலூரில் எங்கள் வீட்டு கேட்டிலிருந்து வாசல்வரை வெறும் மண்தரை. மழை பெய்தால் சக்கரம் புதைந்துவிடும். யாராவது வந்து தள்ளினால்தான் நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியும். அடுத்த மழைக்குள் தரை போட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

அக்கா வீட்டுக்காரர் சிதம்பரத்தில் ரோடு கான்ட்ராக்ட் எடுப்பவர். போனில் கேட்டதும், "தார் போட்டுடலாம்மா. காலையில போட்டா சாயங்காலம் ஓட்டிக்கலாம். கான்கிரீட்டுன்னா வேலை ஜாஸ்தி, தண்ணி ஊத்திக்கிட்டே கெடக்கணும்" என்றார். அவர் வீட்டு முன்னாலும் அப்போதுதான் தார் போட்டிருந்தார்.

"ஒருதடவை வந்து உருட்டிப் பாத்துட்டுச் சொல்றேன் மாமா."

கத்திரி வெயிலில், உச்சிப்பொழுதாகப் பார்த்தே போனேன். பெரிய சக்கரங்கள் எப்படியோ சமாளித்தன. முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் இளகிய தாரில் அழுந்தி நின்றுவிட்டன. மாமா தள்ள ஓடிவந்தார்.

"தொடாதீங்க மாமா. தானா வர முடியுதான்னு பாக்கத்தான் வந்தேன்."

பின்னுக்கு இழுத்து, பக்கவாட்டில் திருப்பி, வியர்வை கண்ணில் இறங்க ஒருவழியாக நிழலுக்கு வந்தேன். கையெல்லாம் தார். அக்கா தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டாள். அவள் கண் கலங்கியது எனக்கு எரிச்சலாக இருந்தது.

"கான்கிரீட்டுதான்" என்றேன்.

மாமா தன் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, கொத்தனார நானே அனுப்புறேன்."

வந்த கொத்தனார் கரண்டியால் இழைத்துப் பளபளப்பாக்கப் பார்த்தார். "வழவழன்னு வேணாம்ண்ணே, மழையில வழுக்கும். தொடப்பத்தால குறுக்க கோடு இழுத்து உடுங்க" என்றேன். அழகாக இருக்காதே என்று அவருக்குக் கவலை. நான் விடவில்லை.

சிமெண்ட் இறுகும்வரை வெளியே போக வழியில்லை. சிதம்பரத்துக்கு வந்துவிடச் சொல்லி அக்கா கூப்பிட்டாள். "நான் வந்துட்டா தண்ணி யாரு ஊத்துறது?" என்று மறுத்துவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, தரைமேல் விரித்த சாக்குகள் காயாமல் ஹோஸில் நானே தண்ணீர் பீய்ச்சினேன்.

ஐப்பசியில் ஒரு காலை, தெரு தெரியாமல் மழை கொட்டியது. வழக்கமாக வரும் ஆட்டோக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வரப் பார்த்தார்.

"அங்கயே இருங்கண்ணே, நானே வர்றேன்."

பையை மடியில் வைத்து, ரெயின்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உருட்டினேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, சக்கரம் வழுக்கவே இல்லை. கேட்டருகே அவர் குடையைப் பிடித்தபடி நின்றார். முதல் மணி அடிக்கும்போது நான் வகுப்பில் இருந்தேன்.